கோழிக்குப் போன சோறு

அந்த வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சபைப் போதகர். அவர் மனைவி, எல்லோரும் பாஸ்டரம்மா என்று கூப்பிடுகிறவர். சபை மூப்பர் தாவீது. என் அக்கா தெபோராள். பூ கட்டி விற்கும் ரோஸ்லின். என் மனைவி செல்வி. நான், எபிநேசன். கட்டிலில் என் மகள் பிரிசில்லா.

எட்டுப் பேர். எட்டுப் பேரும் அன்று காலையில் எதுவும் சாப்பிடவில்லை. ஏழு பேர் சாப்பிடாதது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அது உபவாச ஜெபம். எட்டாவது ஆள் சாப்பிடாதது எங்களுக்குத் தெரியாது. ஆண்டவர் செய்ததைச் சொல்லும் என் சாட்சி அதைப் பற்றியது.

நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். மேடை ஏறிப் பேச வராது. அதனால் எழுதுகிறேன். மகளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

"எழுதுப்பா. ஆனா நா தைரியசாலி, போராடி ஜெயிச்சேன், அப்டி இப்டின்னு போட்ட, கிழிச்சிடுவேன்" என்றாள்.

போடவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு சாயப்பட்டறையில் எனக்கு வேலை. பட்டு நூலைக் கம்பியில் மாட்டி, கொதிக்கிற சாயத்தில் விட்டுப் புரட்டிப் புரட்டி எடுக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை நெருப்பு, ஆவி, நின்ற கால். எங்கள் அப்பா காலத்தில் எங்களுக்குச் சொந்த வேலை என்று ஒன்றும் கிடையாது, கூப்பிட்ட இடத்துக்குப் போக வேண்டியதுதான். எனக்கு இந்த வேலை கிடைத்ததே ஆண்டவர் செய்தது என்று நினைத்திருந்தேன். பெண்ணைக் காலேஜில் சேர்த்தோம். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான்.

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அவள் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. தூங்கும்போது பிடித்துக்கொண்டது என்றாள். செல்வி எண்ணெய் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. சாயங்காலம் ஆனால் காய்ச்சல். ராத்திரியில் துணி நனைகிற மாதிரி வியர்வை. சுடிதார் தொளதொளவென்று ஆனது. மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். இரண்டு மாதம் அப்படியே போனது.

பிறகு பெரிய ஆஸ்பத்திரி. கழுத்தில் சதை எடுத்துச் சோதித்தார்கள். டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். நிணநீர் முடிச்சில் வருகிற புற்றுநோய். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வருவதுதான். மருந்துக்குக் கேட்கும். ஆனால் மருந்தை நடுவில் விடாமல் போட வேண்டும். விட்டு விட்டுப் போட்டால் நோய் மறுபடியும் தலை தூக்கும்.

செல்வி அழுதாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிசில்லா ஒன்றுதான் கேட்டாள்.

"காலேஜு?"

"அப்புறம் போலாம்மா" என்றார் டாக்டர்.

அவளுக்கு அப்போது வயது பதினெட்டு.

பதினைந்து நாளுக்கு ஒரு தரம் மருந்து ஏற்ற வேண்டும். ஆறு மாதம். முதல் நாள் நான் கூட இருந்தேன். ஊசிக்குழாயில் ஒரு மருந்து வந்தது. நல்ல அரக்குச் சிவப்பு. கல்யாணப் புடவைக்கு நான் போடுகிற அதே நிறம். அது என் பிள்ளை கைக்குள் இறங்கியதை நான் பார்த்தேன்.

சாயங்காலம் வீட்டில், அவள் கழிவறைக்குப் போய் வந்தவள், "அப்பா, செவப்பா போவுது" என்றாள். போய்ப் பார்த்தேன். சிவப்புதான்.

நான் சாயக்காரன். நூலுக்குச் சாயம் பிடித்துவிட்டால் அலசுகிற தண்ணீர் தெளிவாக வர வேண்டும். தண்ணீர் சிவப்பாக வந்தால் சாயம் பிடிக்கவில்லை, அத்தனையும் வீண் என்று அர்த்தம். இந்த மருந்து என் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்று நான் முடிவு செய்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. செல்வியிடம் சொல்லவில்லை. சொன்னால் தாங்கமாட்டாள். மருந்து கைவிட்டுவிட்டது, இனி ஆண்டவர்தான் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

சபையில் வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் வீட்டில் உபவாச ஜெபம் வைத்தார்கள். எனக்கு அது போதவில்லை. மற்ற நாட்களிலும் மத்தியானச் சாப்பாட்டை விடுகிறேன் என்று பொருத்தனை செய்தேன். பட்டறையில் எல்லோரும் சாப்பிட உட்காரும்போது நான் பின்பக்கம் போய் முழங்கால் போடுவேன். நெருப்பு முன்னால் நின்று நின்று கண் இருட்டும். பரவாயில்லை என்று நினைத்தேன். என்னைப் பார்த்து செல்வி. அவளைப் பார்த்து அக்கா. ஒவ்வொருவராக ஒரு வேளையை விட்டார்கள்.

பிள்ளை வாடிக்கொண்டே போனாள். முடி போனது. வாயில் புண். என் மேல் அடிக்கிற சாய வாடை அவளுக்கு ஆகவில்லை. நான் வாசலில் செருப்பு விடும்போதே உள்ளே ஓங்கரிப்பாள். பட்டறையிலேயே குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தேன். அப்போதும் வாடை போகவில்லை. சாயம் என் தோலில் ஊறிப் போயிருக்கிறது. வாசல் பக்கமாகவே உட்கார்ந்துகொள்வேன். அங்கிருந்தே கேட்பேன்.

"சாப்ட்டியாமா?"

"சாப்ட்டேன்பா."

தட்டு காலியாக இருக்கும். செல்வி தட்டைத் தூக்கி எனக்குக் காட்டுவாள். ஸ்தோத்திரம் என்பேன்.

ஆனால் எடை இறங்கியது. ரத்தம் இறங்கியது. ஒரு தரம் மருந்து போடாமல் திருப்பி அனுப்பினார்கள், ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று. போட்டோம். மறுபடியும் அதே மாதிரி திருப்பினார்கள். டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மருந்து கேக்குது. கட்டி சின்னதாயிருக்கு. ஆனா ஒடம்புல தாங்குறதுக்குத் தெம்பு இல்ல. இப்டியே போனா மருந்த நிறுத்த வேண்டி வரும். நல்லா வேக வெச்ச சாப்பாடா குடுங்க. முட்ட குடுங்க."

"சாப்பிடுறாளே சார்" என்றாள் செல்வி.

டாக்டர் அவளையே பார்த்தார்.

பஸ்ஸில் வரும்போது பிரிசில்லா ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னாள். "இனிமே நா வர்லப்பா. போதும்."

மறுநாள் பட்டறைக்குப் பின்னால் முழங்கால் போட்டேன். அதுவரைக்கும் நீளமாகத்தான் ஜெபித்துக்கொண்டிருந்தேன். அன்று வாய் ஓய்ந்துவிட்டது. ஆண்டவரே, பிள்ளை சாப்பிட வேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவுதான் சொன்னேன். எழுந்து போய் அடுத்த நூலை மாட்டினேன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமைதான் நான் முதலில் சொன்ன வெள்ளிக்கிழமை.

எட்டுப் பேர் இருக்கிறோம். மூப்பர் தாவீது கையை உயர்த்தி ஜெபத்தை ஆரம்பித்தார். பாதியில் வாசலில் யாரோ இருமினார்கள். பக்கத்து வீட்டு லட்சுமம்மா. நெசவுக்காரர் வீடு. அவர்கள் தெலுங்கு பேசுகிறவர்கள். எங்கள் ஜெப நேரத்தில் அவர்கள் தறியை நிறுத்திவைப்பார்கள், அத்தனை மரியாதை. எங்கள் வீட்டுக்குள் ஒரு நாளும் ஜெபத்துக்கு நடுவில் வந்ததில்லை.

"மன்னிச்சிக்கோங்க. அண்ணா, தப்பா நெனைக்கக் கூடாது" என்றாள்.

"சொல்லும்மா."

"உங்க வூட்டு சோறு எல்லாம் என் கோழிக்குத்தான் வருது."

யாருக்கும் புரியவில்லை. பிரிசில்லா கட்டிலில் திரும்பிப் படுத்தாள். கட்டிலை ஒட்டி ஒரு ஜன்னல். அதற்குக் கீழே லட்சுமம்மாவின் கோழிகள் மேய்கிற இடம்.

"தெனமும் ஜன்னல் வழியா இட்லி வுழுது, சோறு வுழுது, முட்ட வுழுது. கோழிக்கு முட்ட போடுற பொண்ண இப்பதான் பாக்குறேன். கோழி நடக்க முடியாம உருளுது. இங்க பாத்தா பாப்பா எலும்பா கெடக்குது. எத்தினி நாளு நா வாய மூடிக்கினு இருப்பேன்?"

"லட்சுமம்மா! சொல்லாதன்னு சொன்னேன்ல?" என்றாள் பிரிசில்லா.

"நீ சொன்ன. நா எங்க சரின்னேன்?"

செல்வி எழுந்து போய் ஜன்னலுக்குக் கீழே பார்த்தாள். திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஏன்டி" என்று கேட்டாள்.

என் மகள் பேசினாள். நோய் வந்த பிறகு அவள் அத்தனை நேரம் பேசியது அன்றுதான்.

"எனக்கு எறங்கலம்மா. அப்பா டிபன் பாக்ஸு ஆணியிலயே தொங்குது, நா பாக்கலன்னு நெனச்சீங்களா? நீ சாப்பிடல. அத்த சாப்பிடல. பாஸ்டர் ஐயாவுக்குக் கை நடுங்குது. எல்லாம் என்னாலதான். இத்தினி பேரு சோத்தப் புடுங்கிட்டு நா மட்டும் குந்திக்கினு தின்னணுமா? வாயில வெச்சா கல்லு மாரி இருக்குது. சரி, நானும் சேந்து உபவாசம் இருந்தா சீக்கிரம் கேப்பாரோ என்னவோன்னு பாத்தேன். அவ்ளோதான்."

லட்சுமம்மா வீட்டில் இன்னும் தறி ஓடவில்லை.

எனக்கு எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது. ஓடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போதகர் கையிலிருந்த வேதாகமத்தை மூடி வைத்தார். பிறகு செல்வியிடம் கேட்டார்.

"வீட்ல சாப்பிட என்னம்மா இருக்கு?"

"அடுப்பே பத்த வெக்கல ஐயா."

"பத்த வையி. நாங்க சாப்பிடப் போறோம்."

மூப்பர் தாவீது எழுந்துவிட்டார். "பாஸ்டர், இது தேவனுக்கு முன்னால பண்ண பொருத்தன. பாதியில முறிக்கலாமா?"

"அந்தக் கணக்கு என் தலையில இருக்கட்டும் பிரதர். உக்காருங்க."

மூப்பர் உட்காரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் பிள்ளைக்காக அவர் கிடந்த பட்டினி அது.

பாஸ்டரம்மா மட்டும் மெதுவாகச் சொன்னார். "இவருக்கு சுகரு. வெள்ளிக்கெழம ஆனா நடுங்கிக்கினே ஜெபம் பண்ணுவாரு. நா சொன்னா கேட்டாரா? இந்தப் பொண்ணு சொல்லித்தான் கேக்குறாரு." ரோஸ்லின் சிரித்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டில் அரிசி இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. லட்சுமம்மா போய் ஒரு சட்டி ரசமும், முந்தானையில் ஆறு முட்டையும் கொண்டுவந்தாள்.

"வெள்ளிக்கெழம, என் அடுப்புல முட்ட ஏறாது. நீங்க வேக வெச்சிக்கோங்க" என்றவள் மகளைப் பார்த்தாள். "உன் சோத்தத் தின்னுட்டுப் போட்ட முட்டதான். உனக்குத்தான் சேரணும்."

பிரிசில்லாவுக்கு உதடு கோணியது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அதுதான் முதல்.

சாப்பிட உட்கார்வதற்கு முன்னால் அவள் மூன்று கட்டளை போட்டாள். யாரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு சாப்பிடக் கூடாது. யாரும் அழக் கூடாது. ஜெபம் சாப்பிட்ட பிறகுதான், அதுவும் சின்னதாக.

"அப்பா நீயும் உள்ள வா" என்றாள்.

"வாட அடிக்கும்மா."

"மூக்கப் புடிச்சிக்கிறேன். வா."

உள்ளே போய் உட்கார்ந்தேன். ரசச் சோறு. பட்டினி கிடந்த வயிறு, முதல் கவளம் வலித்தது. நான் அவளைப் பார்க்கவில்லை. கட்டளை. தட்டில் விரல் படுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அரை முட்டையும் கொஞ்சம் சோறும் சாப்பிட்டிருந்தாள். சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தாள். செல்வி துடைத்துவிட்டாள். வாயைக் கொப்பளித்துவிட்டு மிச்ச அரை முட்டையை எடுத்தாள். இறங்கியது. நின்றது.

எனக்குக் கிடைத்த பதில் அதுதான். வானத்திலிருந்து குரல் கேட்கவில்லை. நான் பிள்ளை சாப்பிட வேண்டும் என்று கேட்டேன். ஆண்டவர் பக்கத்து வீட்டம்மாவை வாசலில் கொண்டுவந்து இரும வைத்தார்.

அந்த வாரம் ஆஸ்பத்திரிக்கு அவளே கிளம்பினாள். மருந்து போட்டார்கள். டாக்டர் மருந்து கேட்கிறது என்று சொல்லியும் எனக்குத் தெளியவில்லை. அன்று நர்ஸ் அம்மாவிடம், இத்தனை நாளாக வயிற்றில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அம்மா, மருந்து புடிக்கலைங்களா? செவப்பா எல்லாம் வெளிய வந்துடுதே."

அவர் என் கையைப் பார்த்தார். அன்று கை பச்சையாக இருந்தது. என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன்.

"அண்ணா, இது நூலு இல்ல. மருந்து உள்ள போயி வேலய முடிச்சிட்டு வெளிய வருது. வரணும். அது நல்லது. ஏன் இத்தினி நாளா கேக்கல?"

"தோணலம்மா."

வராந்தாவில் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளில் எல்லோரும் சாப்பிடத்தான் வந்தார்கள். அவரவர் வீட்டில் இருப்பதைக் கொண்டுவந்தார்கள். சில வாரம் கழித்து மூப்பர் தாவீது வந்தார். கையில் மூடி போட்ட பாத்திரம். மீன் குழம்பு. பிரிசில்லா பக்கத்தில் வைத்துவிட்டு, "முள்ளு எடுத்துத்தான் கொண்டாந்தேன்" என்றார்.

மருந்து அதற்குப் பிறகு ஒரு தரம்கூட நிற்கவில்லை. ஐப்பசி மழையில் கடைசி ஊசி போட்டார்கள். பிறகு ஸ்கேன். இல்லை என்றார் டாக்டர். நோய் இல்லை. மூப்பர் எங்கள் வீட்டு வாசலிலேயே அல்லேலூயா என்று கத்தினார். லட்சுமம்மா சூடம் ஏற்றினாள். பிரிசில்லா போய்ப் படுத்துத் தூங்கினாள்.

ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சாட்சிகளில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நோய் போன பிறகும் கஷ்டம் இருக்கிறது. எல்லோரும் அதான் சரியாகிவிட்டதே என்று போய்விட்டார்கள். அவள் மாதக்கணக்கில் தூங்கினாள். படித்தது மறந்து போனது. கூடப் படித்தவர்கள் அடுத்த வருஷப் படிப்புக்குப் போய்விட்டார்கள், இவள் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள். முடி சுருட்டையாக முளைத்தது. இருமினால் எங்கள் மூன்று பேருக்கும் முகம் மாறும். கோபம் வரும் அவளுக்கு, காரணமே இல்லாமல். தட்டைத் தள்ளிவிடுவாள். நாங்கள் மறுபடியும் எடுத்து வைப்போம். எனக்கும் செல்விக்கும் அலுப்பு. அந்த அலுப்பு இன்னும் போகவில்லை. ஆண்டவர் எங்களைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. கூட நடந்தார்.

வெள்ளிக்கிழமைச் சாப்பாடு மட்டும் நிற்கவில்லை. அதற்குக் காரணம் சதீஷ். தாமல் ஊர்ப் பையன், வெல்டிங் வேலை, வயது இருபது. ஊசி போடுகிற இடத்தில் பிரிசில்லாவுக்குப் பழக்கம். அவனுக்கு எலும்பில் புற்றுநோய். அவன் வீட்டிலும் அவனைப் பார்த்து எல்லோரும் அழுதுகொண்டு சாப்பிடாமல் இருக்கிறார்கள் என்று கேட்டதும், இவள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"எங்க வூட்ல மூணு ரூல்ஸு. பாக்கக் கூடாது, அழக் கூடாது, பெரிய ஜெபம் கூடாது" என்றாள்.

"சாப்பாடாவது பெருசா?" என்றான் அவன்.

அவன் வந்தால் வீடு கலகலவென்று இருக்கும். லட்சுமம்மாவின் கோழியைப் பார்த்து, "இன்னா மேடம், ரேஷன் கட்டாயிடுச்சா?" என்பான். இரண்டு முட்டை சாப்பிடுவான். அவனுக்காகவும் முழங்கால் போட்டோம். பிரிசில்லாவுக்கு ஜெபித்ததைவிடக் குறைவாக ஜெபிக்கவில்லை. தாமல் ஏரி நிரம்பியிருந்த நேரத்தில் அவன் போய்விட்டான்.

ஏன் என்று எனக்குத் தெரியாது. போதகரைக் கேட்டேன். எனக்கும் தெரியாது எபிநேசா என்றார். அந்தப் பதில் எனக்குப் போதும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடைசி வரைக்கும் அவன் சாப்பிட்டான், சிரித்தான். அவன் அம்மா கோவிலுக்குப் போகிறவள், எங்கள் சபை அல்ல. இப்போதும் வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து வருகிறாள். வெங்காயம் அரிகிறாள். யாரும் அவளை அழாதே என்று சொல்வதில்லை. வெங்காயம்தானே.

இப்போது சிகிச்சைக்கு வருகிற பிள்ளைகள் நான்கைந்து பேர் வருகிறார்கள். திருப்புட்குழியிலிருந்து ஒரு பெண், பத்தாவது படிக்கிறது. ஜரிகை வியாபாரம் செய்கிற பாய் வீட்டுப் பையன் ஒருவன், அவன் வாப்பா வாசலில் நின்று எனக்குப் பேச்சுத் துணை. பிரிசில்லா அந்தப் பிள்ளைகளோடு என்ன பேசுகிறாள் என்று எனக்குத் தெரியாது. நான் போனால் நிறுத்திவிடுவார்கள். சிரிப்புச் சத்தம் கேட்கும். அது போதும்.

நான் இன்னும் சாயப்பட்டறையில்தான் இருக்கிறேன். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடுகிறேன். அதற்கு முன்னால் கண்ணை மூடி நன்றி சொல்கிறேன். முன்பு சொன்னதில்லை.

உபவாசம் தவறு என்று நான் சொல்லவில்லை. நானும் இருப்பேன், எனக்காக இருந்தால். ஆனால் உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை கட்டிலில் இருந்தால், அந்தப் பிள்ளையின் கண் எதிரில் உங்கள் தட்டைக் கவிழ்க்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சந்தேகம் இருந்தால் நர்ஸைக் கேளுங்கள். ஆண்டவரிடம் சின்னதாகக் கேளுங்கள். அவருக்குக் கேட்கும். பதில் யார் வாசலில் இருந்து வரும் என்று சொல்ல முடியாது, இருமினால் திரும்பிப் பாருங்கள். தெம்பு இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாருங்கள். வெறும் கையோடு வரலாம்.

போன வெள்ளிக்கிழமை செல்வி வேக வைத்த முட்டை, பத்தொன்பது.